உன் கட்டுரையில் விடுபட்ட பெயர்

கண்ணு,

தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது ஒரு சேதி சொன்னாயே, அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்த பள்ளிக்கூடத்தில் இந்த வருடமும் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள், நீ அன்று எழுதிய அதே தலைப்பு, 'அறிவுசார் சொத்துரிமையும் புத்தாக்கமும்', வெள்ளிக்கிழமை பரிசு கொடுக்க உன்னையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா, நான் மேடையில வேற எதையும் பேசப் போறதில்ல. உன் கதையத்தான் சொல்லப் போறேன். இன்னைக்கு என் பேர்ல ஒரு காப்புரிமை இருக்குதுன்னா அதுக்கு எங்கம்மாதான் காரணம்னு சொல்லப் போறேன்" என்று நீ சொன்னாய். "சரி சாமி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். கூச்சம் இல்லை கண்ணு, பயம். அந்தக் கதை பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான். அதை நீ இன்னொரு தடவை, அத்தனை பிள்ளைகள் முன்னால் சொல்லிவிடக் கூடாது.

நீ அந்தக் கட்டுரையை எழுதிய காலம் என் மனதில் அப்படியே இருக்கிறது. நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் கோழிப்பண்ணை. பண்ணைக்குப் பின்னால் நமக்குக் கொடுத்திருந்த ஓட்டு வீடு. காலையில் கதவைத் திறந்தால் தீவன மில்லில் அரைக்கும் மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்து ஒரு வாசம் வரும். பள்ளிக்கூடத்தில் எவனோ உன்மேல் கோழி நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டான் என்று நீ ஒரு மாதம் இரண்டு வேளையும் சோப்புப் போட்டுக் குளித்தாய். துவைத்த சட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம், வேலியோரமாகப் போய்க் காயப்போடுவாய். அப்பா சேலத்தில் லாரியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்விட்டு, திரும்பி வரும்போது ஒரு சாக்கு நிறைய ஆரஞ்சு கொண்டுவருவார். நாம் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து தோலை உரித்து உரித்துத் தின்போம். அந்தச் சாக்கிலிருந்து நீ எப்போதும் நான்கு பழம் எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணை வேலைக்காரர்களுக்குக் கொடுப்பாய். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. அதில் ஒன்று பழனியம்மாவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பழனியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். உயரமாக, மெலிந்து, சேலையை வரிந்து கட்டி, முட்டைத் தட்டுகளை இடுப்பில் அடுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வேகவேகமாக நடப்பாள். அவள் மகள் சுமதி உன் பள்ளிக்கூடத்திலேயே உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தாள். அந்தப் பண்ணையில் நான் முட்டைக் கணக்கு எழுதுகிற சூப்பர்வைசர், பழனியம்மா முட்டை பொறுக்குகிறவள். கூண்டின் கம்பித் தரை முன்பக்கமாகச் சரிந்திருக்கும், கோழி இட்ட முட்டை உருண்டு வந்து முன்கம்பியில் நிற்கும் என்று நீயே கட்டுரையில் அழகாக எழுதியிருந்தாய். வெயில் காலத்தில் முட்டை ஓடு மெலிந்துவிடும். உருண்டு வருவதில் கீறல் விழுந்த முட்டைகள் தட்டுத் தட்டாகச் சேரும். முதலாளி என்னைத்தான் சத்தம் போடுவார். நான் பொறுக்குகிற பெண்களைச் சத்தம் போடுவேன்.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம், சித்திரையில், பழனியம்மாவின் வரிசையில் மட்டும் கீறல் முட்டை அநேகமாக நின்றுபோயிற்று. முதலில் அவள் உடைந்ததை ஒளித்துவைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தேன். பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக அறுத்து, கூண்டுத் தரையின் சரிவில் நாக்கு நாக்காகத் தொங்கவிட்டிருந்தாள். முட்டை அதில் இடித்து, நிதானித்து, மெதுவாக வந்து நின்றது.

"என்ன பழனியம்மா இது, யாரக் கேட்டுக் கட்டுனே?" என்று அதட்டினேன்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. ரெண்டு மாசமா நின்னு பாத்தனுங்க. முட்டைய ஒடைக்கறது கம்பியில்லீங்க. பொறவால வர்ற முட்டைதான் முன்னால நிக்கற முட்டைய ஒடைக்குது. வர்ற வேகத்தக் கொறச்சுப்போட்டா ரெண்டும் பொழச்சுக்குமுங்க" என்றாள்.

எனக்கு அது தோன்றவில்லை. அத்தனை வருடம் அந்த ஷெட்டுக்குள் நடந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் முதலாளியை அழைத்துக்கொண்டு வந்து காட்டினேன். நல்ல எண்ணத்தில்தான் அழைத்துவந்தேன், அதை நம்பு. அவர் குனிந்து பார்த்தார், ஒரு முட்டையைத் தானே உருட்டிவிட்டுப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யாரு பண்ணுனது அம்மிணி?" என்றார். "நாம பண்ணிப் பாத்ததுங்க" என்றேன். நாம என்றால் நாங்கள் எல்லோரும் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "பரவால்லையே, படிச்ச புள்ளைங்கறதக் காட்டிட்டயே. எல்லா ஷெட்டுக்கும் இதையே கட்டச் சொல்லு" என்றார். பழனியம்மா எனக்குப் பின்னால் தீவனக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். திரும்பி அவளைக் காட்டி, இவள்தானுங்க என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. நான் திரும்பவில்லை. என் பின்னால் கூடை கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கோழிகளுக்குத் தீவனம் அள்ளிப்போடுகிற சத்தம்.

அதற்கப்புறம் மூன்று ஷெட்டுக்கும் என்னையே பொறுப்பாக்கினார்கள். மற்ற பண்ணைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலாளி என்னைக் காட்டிச் சொல்லுவார். எத்தனை தடவை சொல்லக் கேட்டால் ஒரு பொய் நமக்கே நிஜமாகத் தோன்றும் என்று என்னைக் கேட்டால், ரொம்பக் கொஞ்சம் தடவை போதும் என்பேன். ஒரு வருடத்தில், ரப்பர் கட்டுகிற யோசனை எனக்கு எப்படி வந்தது என்று வந்தவர்களிடம் நானே விளக்கிச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் நீ அந்தக் கட்டுரைப் போட்டித் தாளைக் கொண்டுவந்தாய். பதினொன்றாம் வகுப்பு. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, நோட்டில் ஸ்கேல் பிடித்து ஓரக்கோடு போட்டுக்கொண்டே கேட்டாய்.

"அம்மா, புத்தாக்கம்னா என்ன?"

"புதுசா எதையாச்சும் ஆக்கறதுதான் சாமி."

"அறிவுசார் சொத்துன்னா?"

"சொத்துன்னா எனக்குக் காடு, தோட்டம்தான் தெரியும்."

"ஒருத்தர் மூளையில உதிக்கறதும் சொத்துதானாம்மா. தமிழ் சார் சொன்னாரு. அதக் கேக்காம எடுத்துக்கிட்டா திருட்டாம்."

அரிசிக்குள் என் கை நின்றது. நீ கவனிக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, "எல்லாரும் ராக்கெட்டு, செல்போனுன்னு எழுதுவாங்க. நான் உன்னப் பத்தி எழுதப் போறேன். முட்டை உடையாம இருக்க நீ ரப்பர் கட்டுனயே, அத எழுதறேன். எப்படித் தோணுச்சுன்னு சொல்லும்மா" என்றாய்.

சொன்னேன். பழனியம்மா என்னிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் என் நினைப்பு போலச் சொன்னேன். பின்னால் வரும் முட்டைதான் முன்னால் நிற்கும் முட்டையை உடைக்கிறது என்ற வரியை நீ அப்படியே எழுதிக்கொண்டு, "சூப்பரும்மா" என்று அடிக்கோடு போட்டாய். கடைசியில் பேனாவை மூடப்போனவன் நிமிர்ந்து, "ஹெல்ப் பண்ணுனவங்க பேரையும் போடோணும்னு சார் சொல்லியிருக்காரு. உன்கூட யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டாய்.

"யாருமில்ல சாமி" என்றேன்.

முதலாளியிடம் சொன்னது வாய்தவறி வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். உன்னிடம் சொன்னதற்கு ஒரு சமாதானமும் இல்லை. நீ கேட்டாய், நான் தெரிந்தே சொன்னேன். என் மகன் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்தப் பார்வையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

உன் கட்டுரை பள்ளிக்கூடத்தில் தேறி மாவட்டத்துக்குப் போய், அங்கேயும் முதல் பரிசு கிடைத்தது. அன்று நாமக்கல்லில் மேடையிலிருந்து இறங்கி நேராக ஓடிவந்து கேடயத்தை என் கையில் கொடுத்தாய். அப்பா அந்த வாரம் வண்டிக்குப் போகாமல் இருந்தார். மூவரும் ஓட்டலில் சாப்பிட்டோம், நீ இரண்டாவது ரோஸ்மில்க் கேட்டாய். அதைவிடச் சந்தோஷமான நாள் என் வாழ்க்கையில் குறைவு. அதனால்தான் அந்த நாளைத் தொட இத்தனை காலம் பயந்தேன். பள்ளிக்கூட ஆண்டு மலரில் உன் கட்டுரையை, உன் படத்தோடும் என் பெயரோடும் போட்டார்கள். அந்த வருடக் கடைசியில் பழனியம்மா வேலையிலிருந்து நின்றுகொண்டாள். மஞ்சள் மண்டிக்குப் போவதாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குப் பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, "பையனுக்குச் சொல்றதுக்கு முன்னால அந்தப் பழனியம்மாகிட்டப் போ" என்றார். திங்கட்கிழமை காலை நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். மண்டியில், தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து மஞ்சள் கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அதே வேகம். பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்பின் எதுவும் பேசாமல், "பழனியம்மா, ரப்பர் கட்டுனது நீ. நான் எம்பேரச் சொல்லிக்கிட்டேன். பையன்கிட்டயும் பொய் சொல்லி எழுத வெச்சேன்" என்றேன்.

அவள் கிழங்கைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "நான் செஞ்சது எனக்குத் தெரியாதுங்களா? அத நீங்க வந்து சொல்லோணுமா?" என்றாள்.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பிரித்த கிழங்கைக் கூடையில் தள்ளிவிட்டு அவளே பேசினாள். "மொதலாளி உங்களப் பாராட்டுனப்ப எனக்கு ரோசமே வரலீங்க. நமக்கு எங்க அதெல்லாம்னு உட்டுட்டேன். தம்பி எழுதுனது வந்துதுங்கல்லோ, அந்தப் பொஸ்தகம், அதுதானுங்க. சுமதி எடுத்துட்டு வந்து சத்தமாப் படிச்சுக் காட்டுனா. முட்டைய ஒடைக்கறது கம்பியில்லன்னு வந்துச்சு. அட, இது நாஞ் சொன்னதாச்சேன்னேன். ஆசையாத்தானுங்க சொன்னேன். 'ஏம்மா பொய் சொல்றே, பொஸ்தகத்துலயே அவங்கம்மா பேரு போட்டிருக்குது. ஒரு எழுத்துக்கூடத் தெரியாத உனக்கு இதெல்லாம் எப்படித் தோணும்'னு கேட்டுச் சிரிச்சா. அவங்கப்பனும் சேர்ந்து சிரிச்சாரு. அப்பறம் நான் ஊட்டுல எதச் சொன்னாலும், 'ஆமா, நீதான் ரப்பர் கட்டுனவளாச்சே'ன்னு ஒரு பேச்சு. அந்த மனுசன் சாவற வரைக்கும் சொன்னாரு. புள்ள இன்னைக்கும் சொல்றா. கேலிக்குத்தானுங்க. ஆனா பதினாறு வருசமாக் கேலி."

கண்ணு, ஒரு யோசனையைத் திருடினேன், அவளுக்கு வரவேண்டிய நல்ல பெயர் எனக்கு வந்தது, அவ்வளவுதான் நஷ்டம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். உன் நல்ல தமிழில், அச்சில் வந்த அந்த இரண்டு பக்கம் அவளை அவள் வீட்டிலேயே பொய்க்காரி ஆக்கியிருக்கிறது. உனக்கு அது தெரியாது, உன் மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கும் திங்கட்கிழமை வரை தெரியாது. ஆனால் தெரியாமல் போனதற்கு நான்தான் பொறுப்பு, ஏனென்றால் நான் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை.

"நான் என்ன பண்ணோணும் சொல்லு. இப்பப் பண்ணையப் பாக்கற முதலாளி மகன்கிட்டச் சொல்றேன், பள்ளிக்கூடத்துல சொல்றேன்" என்றேன்.

"அவங்ககிட்டச் சொல்லி எனக்கென்னங்க? எம் புள்ளகிட்ட வந்து சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் ஆட்டையாம்பட்டிக்கு பஸ் ஏறினோம். சுமதியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறாள். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அத்தனை வருடம் ஒரே பண்ணையில் இருந்தும் நாங்கள் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் அவள். ஆனாலும் அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அது தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை. பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்ல, "அக்கா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். தோளைத் தொட்டு இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

சுமதி வீட்டு வாசலில் துணியை விரித்துக் கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். கடைகளுக்குப் போட்டுக் கொடுக்கிறாளாம். என்னை அடையாளம் தெரிந்து, எழுந்து, நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். முதலாளி கேட்டது, நான் திரும்பாமல் நின்றது, நீ கேட்டது, நான் யாருமில்லை என்றது, வெள்ளிக்கிழமை நீ பள்ளிக்கூடத்தில் பேசப்போவது, எல்லாவற்றையும். அவள் விரலில் சுற்றிய மாவு அப்படியே தொங்கியது.

"ஏனுங்க, இத இத்தன வருசம் கழிச்சு வந்து சொல்றீங்களே, உங்களுக்கு நல்லாருக்குதுங்களா?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் உங்க பையன் எழுதுனத நம்புனேன். எங்கம்மாவ நம்பல."

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் உன்ன என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதாம்மா?" என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

முந்தின நாள் எனக்கு ஒரு எழுத்து விடாமல் சொன்ன பழனியம்மா, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல சாமி. மாவு காயுது பாரு, சுத்து" என்று சொல்லிவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து தானும் ஒரு பிடி மாவை எடுத்தாள். இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். சுமதி கண்ணைத் துடைக்கக் கை சும்மா இல்லாததால் தோளில் துடைத்துக்கொண்டாள். நான் அங்கிருந்து நடந்து வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

சுமதியே பிறகு வந்து பக்கத்தில் நின்றாள். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வெள்ளிக்கெழம உங்க பையன் பேசறாராமே. நானும் அம்மாவும் வாரோம்" என்றாள். மேடையில் உட்காரச் சொல்லலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் அம்மாவுக்கு வேண்டாமுங்க. கீழ உக்காந்து கேக்கட்டும். எம்பக்கத்துல" என்றாள்.

இதுதான் நடந்தது. இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். நீ போன் செய்யும்வரை நான் செய்ய மாட்டேன். கோபப்படு. அந்தக் கேடயத்தை நினைத்து உனக்குக் கசந்தால் கசக்கட்டும், ஆனால் உன் உழைப்பை அதற்காகக் கேவலமாக நினைக்காதே. கட்டுரையை எழுதியது நீதான், நான் உனக்குக் கொடுத்த விஷயத்தில்தான் களவு இருந்தது. இன்று உன்கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். உன் மேலதிகாரி வந்து, இது யாருடைய யோசனை என்று கேட்கும்போது, உனக்குப் பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல். நான் செய்யாததைத்தான் உன்னிடம் கேட்கிறேன், அதைக் கேட்க எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்ன பேசுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் மழுப்பாதே, அது மட்டும் போதும். யாரோ ஒரு தொழிலாளி என்று சொல்லாதே, அவள் பெயரைச் சொல். என் பெயரையும் சொல். நானும் அப்பாவும் வந்து உட்கார்ந்திருப்போம், எழுந்து போகமாட்டேன். பேச்சு முடிந்ததும் வழக்கம் போல என்னிடம் ஓடிவராமல் முதலில் அவர்களிடம் போ. அங்கே உனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கும். அதையெல்லாம் முடித்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, வீட்டுக்கு வா. சோறு ஆக்கி வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டு.

உன் அம்மா